வூடு என்றால் தவறு

கம்ப்யூட்டர்களோடு நான்கு ஹெட்போன்களும் வந்திருந்தன. பெரிய டீச்சர் அவற்றை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே விடவில்லை. "நம்ம பிள்ளைங்க தலை முழுக்கப் பேன். ஒருத்தி தலையில மாட்டினதை இன்னொருத்தி தலையில மாட்டினா என்ன ஆகும்?" என்று கேட்டு, பெட்டியோடு தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பேன் இல்லாத தலை என்று தேடினால் வழுக்கை விழுந்த வாட்ச்மேனுடையது ஒன்றுதான் கிடைக்கும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருந்தது. ராயபுரத்தில், கல்மண்டபத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற பக்கம் ஒரு சந்துக்குள் எங்கள் பள்ளிக்கூடம். நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஓர் அறக்கட்டளை நான்கு கம்ப்யூட்டர்களையும் ஒரு சி.டி.யையும் கொடுத்திருந்தது. ஒவ்வொரு திரைக்கும் மேலே ஒரு ஸ்டிக்கர், இன்ன அறக்கட்டளையின் கொடை என்று. டீச்சர்களில் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணினவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்த அறை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று இப்போது அலுத்துக்கொள்கிறேன். அப்போது பெருமை பிடிபடவில்லை.

சி.டி.யைப் போட்டால் திரையில் ஒரு படம் வரும். படத்துக்குக் கீழே அதன் பெயர், முதல் எழுத்து மட்டும் இல்லாமல். அதற்கும் கீழே மூன்று கட்டங்களில் மூன்று எழுத்துகள். சரியான எழுத்தின் மேல் மவுஸை வைத்து அமுக்கினால் மூலையில் உட்கார்ந்திருக்கும் பச்சைக்கிளி இரண்டு இறக்கைகளையும் தட்டும். தப்பாக அமுக்கினால் தலையை இரண்டு பக்கமும் ஆட்டும். 'தவறு. மீண்டும் முயற்சி செய்' என்று எழுத்து வரும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று தடவை அமுக்கலாம். மூன்றும் தப்பானால் அடுத்த படம் வந்துவிடும்.

உண்மையில் அந்தக் கிளி பேசும் கிளி. படம் வந்ததும் ஒரு பெண் குரல் அதன் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொல்லும், குழந்தை அதைக் காதால் கேட்டு எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஆனால் நான்கு கிளிகளும் ஒரே அறையில் ஆளுக்கொன்று பேசினால் என்ன ஆகும்? முதல் நாளே பக்கத்து வகுப்பு டீச்சர் கதவில் வந்து நின்று, "இது பள்ளிக்கூடமா, மூர்மார்க்கெட்டா?" என்று கேட்டாள். ஸ்பீக்கர் வயர்களைப் பிடுங்கிவிட்டேன். ஹெட்போன் பீரோவில். கிளி ஊமையாகிவிட்டது.

அதனால் கிளி பேச வேண்டியதை நான் பேசினேன். பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே, யாருடைய கிளி தலையை ஆட்டினாலும் ஆள்காட்டி விரலைத் தூக்கி, "தவறு. மீண்டும் முயற்சி செய்" என்பேன். சுத்தமான தமிழில், 'ழ'வும் 'ற'வும் அந்தந்த இடத்தில் நிற்கிற தமிழில். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். பிள்ளைகள் இடைவேளையில் பாண்டி ஆடும்போது கோட்டை மிதித்தவளைப் பார்த்து அதையே சொல்ல ஆரம்பித்தார்கள், என் விரலோடு.

அந்தச் சுத்தமான தமிழ் எனக்குப் பிறப்பில் வந்ததல்ல. நான் காசிமேட்டில் பிறந்தவள். அப்பாவுக்கு ஹார்பரில் மூட்டை தூக்குகிற வேலை. ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த முதல் மாதம், மாதிரி வகுப்பு எடுக்கும்போது 'வாயப்பயம்' என்று வாயில் வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. சினிமாவில் ரிக்‌ஷாக்காரர் வந்தால் சிரிக்கிற சிரிப்பு. அன்றிலிருந்து ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாழைப்பழம், வாழைப்பழம் என்று நாக்கை மடித்து மடித்துப் பழகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்க வந்தாள். கேட்டிலேயே மறித்து, "இங்க வாயத் திறக்காதம்மா, எல்லாம் சிரிக்கும்" என்றேன். அம்மா அந்த ஒரு மணி நேரமும் வாயைத் திறக்கவில்லை. கொண்டுவந்த வறுத்த நெத்திலியைக்கூடக் கையால் நீட்டினாளே தவிர 'இந்தா' என்று சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதை எழுதும்போது அழுகை வருகிறது.

சரி, என் வகுப்பில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு வயது. ஒல்லிக்குச்சி. முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் பாதி முளைத்திருந்தது. அம்மா துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷெட்டில் இறால் உரிக்கிறவள். அப்பா லாரியோடு போனவர், எப்போதாவது வருவார். அவள் வகுப்பில் நிறையப் பேசுவாள். கேள்வி கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டாலும் வரும். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவளுடைய கிளிக்குத் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலித்திருக்கும்.

மற்ற பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. முதல் கட்டத்தை அமுக்குவார்கள், கிளி தலையாட்டும், அடுத்ததை அமுக்குவார்கள். படங்கள் எப்போதும் ஒரே வரிசையில் வந்ததால், எந்தப் படத்துக்கு எந்தக் கட்டம் என்று மறுநாள் ஞாபகத்தில் இருக்கும். இவள் மட்டும் ஒரு கட்டத்தை அமுக்கினால் அமுக்கினதுதான். கிளி தலையாட்டினாலும் அதையேதான் மறுபடியும் அமுக்குவாள், மூன்றாவது தடவையும் அதையே. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். "என்னடி, சொன்னா மண்டையில ஏறாதா?" என்று அவள் தலையில் எத்தனை தடவை குட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் குடை படம் வந்தது. 'டை' என்று போட்டு முன்னால் காலியிடம். கட்டங்களில் கு, கொ, கி. இவள் 'கொ'வை அமுக்கினாள். கிளி தலையாட்டியது. மறுபடி 'கொ'.

"ஏய், அதையே எத்தனை தடவை அமுக்குவ? கண்ணு தெரியலையா?"

"எனுக்குக் கண்ணு தெரியுது டீச்சர். கிளிக்குத்தான் தெர்ல" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கிளிக்கு என்னடி தெரியல?"

அவள் நாற்காலியில் முட்டிபோட்டு எழுந்து, திரைக்கு மேலே இருந்த ஸ்டிக்கரில் விரலை வைத்தாள். "தோ பாருங்க டீச்சர், இங்கியே போட்டுகீது. கொ, டை. கொடை. அது தலமேலயே எய்தி ஒட்டிகீறாங்க. அத்துக்கே தெர்ல."

"அது தானம் கொடுக்கிற கொடை. மழைக்குப் பிடிக்கிறது குடை. எதிர்த்துப் பேசுறதுல மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று ஒரு குட்டு வைத்துவிட்டு விரலைத் தூக்கினேன். "தவறு. மீண்டும் முயற்சி செய்."

மத்தியானம் சாப்பிடும்போது மற்ற டீச்சர்களிடம் இதைச் சொன்னேன். அவள் முட்டிபோட்டதையும் விரல் வைத்ததையும் நடித்தே காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அந்த ஸ்டிக்கரை அவளுக்கு யாரும் படித்துக் காட்டியதில்லையே, பிறகு எப்படிப் படித்தாள் என்று அங்கே ஒருத்திக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முடிவு கொடுத்தது. பெயருக்கு எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு கோடு. எங்கள் வகுப்பில் சிவப்பு இவள் ஒருத்திக்குத்தான். சிவப்பு வந்த பிள்ளைகளைப் பொங்கலுக்குப் பிறகு சிறப்பு வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது அறக்கட்டளை சொன்ன ஏற்பாடு. அதுவும் அவர்கள் நடத்துவதுதான், இரண்டு தெரு தள்ளி. அங்கே எழுத்து கிடையாது. பாசிமணி கோப்பார்கள், வண்ணம் அடிப்பார்கள், சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். முடியாத பிள்ளைகளுக்கு அது நல்ல இடம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே போன ஒரு பிள்ளை திரும்பி எங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை அவள் அம்மாவை வரச் சொன்னேன். ஷெட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். சேலை முழங்கால்வரை ஈரம். நான் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "எம்மேல எறா நாத்தம் அடிக்கும் டீச்சர், நின்னுக்கிறேன்" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். பெண்ணுக்குப் புத்தி மந்தம் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்லக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 'கற்றல் வேகம் குறைவு' என்றேன். அவளுக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

"எம் பொண்ணு லூசு இல்ல டீச்சர். கடைக்கு அனுப்சா ஒண்ணு வுடாம வாங்கியாரும். பஸ்ஸு போர்டெல்லாம் படிக்குது டீச்சர், நான் அத்த இட்டுகினுதான் எங்கியும் போறேன்."

"போர்டு படிக்கலைங்க. நம்பரைப் பார்த்து ஞாபகம் வெச்சிருக்கும்" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

"நான்தான் கைநாட்டு. இதுனாச்சும் நாலு எய்த்து படிக்கட்டும்னுதான டீச்சர் இஸ்கோலுக்கு இட்டாந்து வுட்டேன். இதுவும் எறா உரிக்கத்தான் வரணுமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்த தாளைக் காட்டி, "மிஷின் பொய் சொல்லாதும்மா" என்றேன். அவள் கட்டைவிரலை நீட்டினாள். ஐஸில் ஊறி ஊறி, இறால் முள் கிழித்துக் கிழித்து, அந்த விரலில் ரேகையே இல்லை. மூன்று தடவை மையில் அழுத்தியும் தாளில் ஒரு நீலத் திட்டுதான் விழுந்தது. போதும் என்று வாங்கிவைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டபோது மழை பிடித்துக்கொண்டது. சந்து முனையில் நான் ஏற வேண்டிய ஷேர் ஆட்டோ நிற்கிறது, ஆள் நிறைந்தால் கிளம்பிவிடுவான். நான் வராந்தாவில் நின்றபடி உள்ளே இருந்த ஆயாவைப் பார்த்துக் கத்தினேன்: "ஆயா, என் கொடைய எட்தாங்க! மேசைக்குக் கீய கீது!"

கத்தினதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. என் வாய்தான். அத்தனை வருடம் கழுவின வாய். அவசரத்தில் 'கீது'வும் வந்துவிட்டது, 'கீய'வும் வந்துவிட்டது. ஆனால் நான் திடுக்கிட்டது அதற்கில்லை. கொடை. கு இல்லை, கொ. மழையில் நனைந்துகொண்டு நிற்கிற எந்தக் காசிமேட்டுக்காரியும் 'குடை' என்று கூப்பிடமாட்டாள். அந்தப் பெண் 'கொ'வைத் தேடினாள். 'கொ'வைக் கண்டுபிடித்தாள். அமுக்கினாள்.

ஆயா குடையைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் அதை வாங்காமல் திரும்பிக் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன். ஆட்டோ போய்விட்டது. அவள் எதையெல்லாம் தப்பாக அமுக்கினாள் என்று மிஷின் ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதுவரை நான் அதைத் திறந்து பார்த்ததே கிடையாது, கடைசியில் வருகிற வண்ணக் கோட்டை மட்டும்தான் பார்ப்பேன். இலை படத்துக்கு எ. விரலுக்கு வெ. விளக்குக்கு வெ. கிணற்றுக்குக் கெ. வீட்டுக்கு வூ. நான் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எலை. வெரல். வெளக்கு. கெணறு. வூடு. எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். மீன், நாய், கப்பல், படகு என்று வாயும் புத்தகமும் ஒத்துப்போகிற இடத்திலெல்லாம் முதல் தடவையே சரியாக அமுக்கியிருந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. கிளி ஊமையாக இருந்ததால் அவள் தன் வாயைக் கேட்டு எழுத்தைத் தேடியிருக்கிறாள். அந்த அறையில் மற்ற அத்தனை பேரும் கட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது படித்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் நான் சிவப்புக் கோடு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சிலேட்டைக் கொடுத்தேன். "உனக்குப் பிடிச்சது எதுவானாலும் எழுது" என்றேன். குட்டு விழும் என்று நினைத்தாளோ என்னவோ, தலையைக் கையால் மறைத்துக்கொண்டே எழுதினாள்: எங்க வூட்ல எறா கொயம்பு கீது. ஒரு கொம்பு, ஒரு சுழி விட்டுப்போகவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டீச்சர், தப்பா?" என்று கேட்டாள்.

சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய டீச்சரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார்.

"இதுல ஒரு வார்த்தையாவது சரியா இருக்கா?"

"எல்லாமே சரியா இருக்கு மேடம். அவ பேசுறதை அப்படியே எழுதியிருக்கா. அவளுக்குப் படிக்கத் தெரியுது."

"உங்களுக்குப் புரியுது. நாளைக்கு அஞ்சாம் வகுப்புல, எட்டாம் வகுப்புல பேப்பர் திருத்துறவங்களும் ராயபுரத்துக்காரங்களாவே இருப்பாங்களா?"

அவர் கெட்டவர் இல்லை. சிலேட்டைத் திருப்பிக் கொடுத்து, "வெள்ளிக்கிழமை மத்தியானம் சிறப்பு வகுப்பு லிஸ்டை வாங்க அறக்கட்டளையிலேர்ந்து ஆள் வருவாங்க. அதுக்குள்ள இன்னொரு தடவை மிஷின்ல உட்கார வைங்க. பச்சை வந்தா நான் பேரை அடிச்சிடுறேன். வரலைன்னா என்கிட்ட வராதீங்க" என்றார். ஹெட்போனைக் கேட்டேன். பீரோவைத் திறந்தால் எல்லா டீச்சரும் கேட்பார்கள் என்று மறுத்துவிட்டார்.

மூன்றரை நாள். அந்த மூன்றரை நாளில் நான் என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். வூட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் எழுதுவது ஒன்று, இரண்டும் உன்னுடையதுதான், வூடு என்று வாயில் வந்தால் வீடு என்று எழுது என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு காது உள்ள பிள்ளை. ஆனால் எனக்குப் பயம். பச்சை வராவிட்டால் என்ன செய்வது என்கிற பயத்தில், எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கப்பட்டதோ அதே வழியில் இறங்கிவிட்டேன்.

"வூடு கிடையாது. வூடுன்னு ஒரு வார்த்தையே கிடையாது. வீடு. சொல்லு."

"எங்கம்மா வூடுன்னுதான டீச்சர் சொல்லுது?"

"உங்கம்மா தப்பா சொல்லுது. கிளி சொல்றதுதான் சரி."

அதைச் சொன்னது நான்தான். காலையில் ஒரு மணி நேரம், சாப்பாட்டு வேளை, பள்ளி விட்ட பிறகு இன்னும் ஒரு மணி நேரம். அவள் வாயில் 'எல' வந்தால் விரலைத் தூக்குவேன். 'வெரல்' வந்தால் தூக்குவேன். தவறு, மீண்டும் முயற்சி செய். புதன்கிழமை முழுவதும் முறைத்துக்கொண்டே சொன்னாள். வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் "டீச்சர், எனுக்கு ஒண்ணுக்கு வர்துது" என்றாள். 'எனக்கு' என்று சொல்லு, அப்புறம் போகலாம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பாவாடை நனைந்து நாற்காலியில் சொட்டியது. ஆயா வந்து துடைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் தானாக எதுவும் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் ஒரு கணம் நின்று, கிளி உட்கார்ந்திருக்கும் மூலையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். முன்னேற்றம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சரே வந்து பின்னால் நின்றார். இலை. இ. கிளி இறக்கை தட்டியது. குடை. கு. தட்டியது. விரல், விளக்கு, கிணறு. வீடு படம் வந்தபோது அவள் கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது. மவுஸ் அம்பு 'வூ'வுக்குப் பக்கத்தில் போய், திரும்பி, 'வீ'யின் மேல் வந்து உட்கார்ந்தது. அமுக்கினாள். கடைசியில் பச்சைக் கோடு முழுதாக வந்தது. பெரிய டீச்சர் என் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, லிஸ்டில் அவள் பெயரை அங்கேயே அடித்தார். நீலத் திட்டு விழுந்த தாளை நான் நான்காகக் கிழித்துப் போட்டேன். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மா வந்தாள். ஆயா எப்படியோ ஷெட்டுக்குச் சேதி அனுப்பியிருந்தாள். அன்றைக்கும் சேலை ஈரம்தான், ஆனால் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"மெய்யாலுமா டீச்சர்? பாஸாயிட்ச்சா?"

"பாஸ். முழு மார்க். உங்க பொண்ணு நல்லாப் படிக்குது" என்றேன். நீங்கள் அன்றைக்குச் சொன்னதுதான் சரி, நான் சொன்னதுதான் தப்பு என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள், பிடித்த பிறகு இறால் நாற்றம் ஞாபகம் வந்து சட்டென்று விட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். உங்க புள்ள குட்டிங்க நல்லா இருக்கணும்." எனக்கு நிற்கவே கூசியது.

பெண் வராந்தாப் படியில் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா போய்க் கையை நீட்டினாள். "வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். "தவறு. மீண்டும் முயற்சி செய்."

என் குரல் அது. இரண்டு 'ற'வும் அந்தந்த இடத்தில் நின்றன. என் விரல். முகத்தில் சிரிப்பு இல்லை, அவள் விளையாடவில்லை.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டீங்களா டீச்சர்? அப்டியே உங்கள மாறியே பேசுது!" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. மறுபடி குனிந்து, "வா, வூட்டுக்கு" என்றாள். விரல் கீழே இறங்கவில்லை. "தவறு" என்றாள் பெண். "வூடு என்று ஒரு வார்த்தையே கிடையாது."

அப்போது அந்த அம்மாவுக்குப் புரிந்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, ஆனால் கண் என் பக்கம் வரவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் ஒருவர் முன்னாலும் கைநாட்டு என்று சொல்லக் கூசாதவள், தன் பெண்ணுக்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு, உதட்டை இழுத்து, ஒவ்வொரு எழுத்தாக முயற்சி செய்தாள்.

"வீ... வீட்டுக்கு."

அந்தப் பெண் விரலை இறக்கினாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துத் தட்டினாள். கைகள் ஒன்றை ஒன்று தொடவே இல்லை, எங்கள் ஊமைக்கிளி தட்டுகிற மாதிரியே, சத்தமில்லாமல். பிறகு எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் தேங்கின தண்ணீரில் கால் வைத்துச் சந்தில் இறங்கிப் போனார்கள். வூடுன்னே சொல்லும்மா, நானும் அப்படிச் சொல்றவதான் என்று கத்திக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. சந்து முனை திரும்பும்வரை அந்த அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, மறந்துபோய்விடாமல் இருக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.